இலையின் இடது பாதி

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை ஈஜோக் பக்கம் ஒரு கோயில் விருந்துக்குப் போயிருந்தேன். சுடுசோறு விழுந்ததும் வாழை இலை வெந்து ஒரு வாசனை எழும்புமே, அது மூக்கில் ஏறிய நேரத்தில் எதிர் வரிசையில் ஒருவர், "என்னப்பா, உப்பு வைக்கலையா?" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். உப்பு அவர் இலையின் இடது மூலையில்தான் இருந்தது. பக்கத்திலிருந்தவர் விரலை நீட்டிக் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு நோவு ஒன்றும் இல்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

செத்தவர்களை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும். என் அப்பாவின் திதியைக்கூட உன் தங்கச்சிதான் எனக்கு ஞாபகப்படுத்துவாள். போய்ச் சேர்ந்தவனுக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்தால், "ஏன் மச்சான், மூளை கீளை கழண்டுருச்சா?" என்று நீதான் முதலில் கேட்பாய். மூளையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். நீ செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டப் போனாய். நான் ரவாங் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனேன். உன் தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுப்பதற்கு முன்பே நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாய். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு நமக்குள் பெரிதாக எதுவும் மாறவில்லை. உன் வீட்டுக்காரி தவறிய பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாய். உனக்குப் பிள்ளை இல்லை. என் மகள்தான் உனக்கு மகள். அவள் கழுத்தில் தாய்மாமன் மாலையைப் போட்டு மணவறையில் உட்காரவைப்பது ஒன்றுதான் உனக்கு மிச்சமிருந்த ஆசை. லோரியை விற்ற காசில் அவளுக்குச் சீர் எடுத்து வைத்திருந்தாய், மாப்பிள்ளை யாரென்று தெரிவதற்கு முன்பே.

அப்போதுதான் உன் தலையின் வலது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து நீ நடந்தே வெளியில் வந்தாய். வாய் கோணவில்லை, கால் இழுக்கவில்லை, இடது கை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாமி காப்பாற்றிவிட்டது என்றார்கள். நீயும், "எனக்கு ஒன்னும் இல்ல லா, டாக்டருங்க சும்மா பயமுறுத்துறானுங்க" என்றாய்.

ஆனால் நீ முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து நின்றாய். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டினாய். ஒரு கால் செருப்போடு கடைக்குப் போய்வந்தாய். வேலையை விட்ட ஆம்பிளை இப்படித்தான் ஆவான் என்று நான் விளக்கம் கொடுத்தேன். பொருளில் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவன் நான், வீட்டுக்குள் நடந்ததைப் பார்க்கத் தெரியவில்லை. உன் தங்கச்சிக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று. அவள் உனக்கு இடது பக்கமாக உட்கார்ந்து ஏதாவது கேட்பாள். நீ வலது பக்கம் இருக்கும் என்னைப் பார்த்துப் பதில் சொல்வாய். ஒரு நாள் அவள் பக்கத்திலேயே இருக்கும்போது, "எங்க இவளக் காணோம்?" என்று என்னிடம் கேட்டாய். அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். "அண்ணன் மூஞ்சிக்கு நேரா பாக்காத அளவுக்கு நான் என்னங்க செஞ்சேன்?" என்று என்னிடம் அழுதாள்.

ராசா பட்டணத்தில் மாப்பிள்ளை அமைந்தது இந்த நேரத்தில்தான். சம்பந்தம் பேசி முடித்து, அவர்கள் வீட்டில் கை நனைக்கப் போனோம். பெண்வீட்டார் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதிலும் தாய்மாமன் முதலில் இனிப்பைத் தொட்டு வாயில் வைக்க வேண்டும். உன்னை நடு இடத்தில் உட்காரவைத்தார்கள். இலையின் நுனி உனக்கு இடது கைப்பக்கமாக இருந்தது. உப்பு, ஊறுகாய், கேசரி, பொரியல் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

நீ கேசரியைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்து வலது பாதியில் இருந்த கூட்டையும் அப்பளத்தையும் வழித்துச் சாப்பிட்டாய். இடது பாதியில் பரிமாறியது பரிமாறியபடி இருந்தது. அது போதாதென்று, "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, உப்புதான் போட மறந்துட்டீங்க போல" என்று சபையில் சத்தமாகச் சொன்னாய். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தாய். சம்பந்தியின் முகத்தை நான் பார்த்தேன். வெறும் சாம்பாரை உறிஞ்சியபடி என் இலைக்குள் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "தாய்மாமனே இனிப்பத் தொடாம எழுந்துட்டாரு. எங்க வீட்டுல பொண்ணு குடுக்க அவருக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே" என்றார். தலையில் வந்த நோவைச் சொன்னேன். "நடக்கிறாரு, பேசுறாரு, கண்ணு நல்லா தெரியுது. அப்புறம் என்னங்க நோவு?" என்று கேட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். "கல்யாணம் நடக்கட்டும். ஆனா மாலைய வேற ஒரு மாமன் முறை போடட்டும். சபையில இன்னொரு தடவ தலைகுனிய முடியாது" என்றார்.

உன்னிடம் சொன்னபோது நீ கத்தினாய். "என் தங்கச்சி மகளுக்கு வேற எவன்டா மாலை போடுறது? அவன் வீட்டுச் சமையல்ல உப்பு இல்ல, அதச் சொன்னது ஒரு குத்தமா?"

மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண்தான் எங்களுக்குப் புரியவைத்தாள். உன்னை வெளியில் உட்காரவைத்துவிட்டு எங்களிடம் பேசினாள். கண் பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றாள். அங்கே இருட்டாகத் தெரியுமா என்று உன் தங்கச்சி கேட்டாள். "உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிறது உங்களுக்கு இருட்டாவா தெரியுது?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். இல்லைதான். அங்கே ஒன்றுமே தெரிவதில்லை, குறைகிறது என்றும் தோன்றுவதில்லை. உனக்கு இடது பக்கம் அப்படி ஆகிவிட்டது. குறை இருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய பகுதியும் மூளைக்குள் அடிபட்டிருப்பதால், நீ ஒன்றுமில்லை என்று சொல்வது பிடிவாதமோ பொய்யோ இல்லை என்றாள். உன் தங்கச்சி காரில் வரும்போது, "அப்ப அண்ணனுக்கு என்மேல கோவம் இல்ல" என்றாள். மூளை அடைத்த சேதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்று மத்தியானம் வீட்டில் உனக்கு இலை போட்டோம். வழக்கம்போல வலது பாதியைத் தின்றுவிட்டு எழப் பார்த்தாய். நான் இலையைப் பிடித்து நுனி வலது பக்கம் வரும்படி திருப்பினேன். உன் தங்கச்சி, "ஐயோ, உயிரோட இருக்கிறவங்களுக்கு அப்படித் திருப்பாதீங்க" என்று பதறினாள். நீ குனிந்து பார்த்தாய். பயற்றங்காய், உருளைக்கிழங்கு, ஊறுகாய், உப்பு.

"இது எப்ப வந்திச்சு?"

"முதல்லயே வச்சதுதான் மச்சான்."

நீ உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாய். பிறகு, "அப்ப ராசாவுலயும் வச்சிருந்தாங்களா?" என்று கேட்டாய். உன் தங்கச்சி தலையாட்டினாள். நீ அப்பளம் ஒட்டியிருந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு என்னமோ ஆயிருக்கு லா" என்றாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு முன் உன்னைப் பார்த்து நான் பயந்ததில்லை.

அதன் பிறகு பயிற்சி. தலையை இடது பக்கம் திருப்பிப் பாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர்க் கோப்பை, மூக்குக்கண்ணாடி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் உன் தங்கச்சி இடது பக்கமாக வைத்தாள். நீ திரும்புவாய், பாதி வழியில் நின்றுவிடுவாய். சொன்னால் செய்வாய், சொல்வது நின்றதும் மறந்துவிடும். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. உறவில் இன்னொரு மாமன் முறைக்கு மாலைக்காகச் சொல்லிவைத்துவிட்டோம்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். எதிர்வீட்டில் கல் மண் இறக்க ஒரு லோரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு உதவியாக வரும் கெலிண்டான் இறங்கி நின்று லோரியைத் தட்டி, "கிரி! கிரி! கிரி லாகி!" என்று மலாயில் இடது பக்கத்தைச் சொல்லி வழி காட்டினான். வாசலில் நாற்காலியில் இருந்த உன் தலை வெடுக்கென்று இடது பக்கம் திரும்பியது. பாதியில் நிற்கவில்லை. லோரியின் இடது கண்ணாடியைப் பார்க்கிற அளவுக்கு முழுசாகத் திரும்பி, அங்கே கழுவிக் கவிழ்த்திருந்த என் சைக்கிளைப் பார்த்து, "இதென்ன இங்க கெடக்கு?" என்றாய்.

காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தானே லோரியைத் திருப்பினாய். செம்பனை ஆலைச் சரிவில் லோரியைப் பின்னோக்கி ஏற்றும்போது கெலிண்டான் கிரி என்றால் யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது, தலை முதலில் போயாக வேண்டும். அந்தப் பெண்ணிடம் சொன்னோம். உடம்பு பல வருஷம் செய்து பழகியது மூளைக்குள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு புதுப் பாதை போடலாம், ஆனால் சலிக்கச் சலிக்கச் செய்ய வேண்டும் என்றாள். சலிக்கச் சலிக்கச் செய்தோம். நான் தகரத்தைத் தட்டிக்கொண்டு கிரி கிரி என்று கத்துவேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி எனக்குத்தான் பைத்தியம் என்று முடிவுகட்டியிருந்தாள். "உன்ன மாதிரி கெலிண்டான் கிடைச்சிருந்தா லோரிய ஆத்துல விட்டிருப்பேன்" என்று நீ திட்டுவாய். திட்டிக்கொண்டே திரும்புவாய். பிறகு நான் கத்துவதை நிறுத்தினேன், நீயே உதட்டுக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாய். எல்லா நேரமும் வரவில்லை. களைத்துப்போனால் இடது பக்கம் மறுபடி காணாமல் போய்விடும்.

கல்யாணத்துக்கு முன்னால் நீயே ராசாவுக்குப் போக வேண்டும் என்றாய். சம்பந்தியின் முன்னால் நின்று, "நீங்க வச்ச கேசரிய நான் பாக்கவே இல்லைங்க. என் தலையில ஒரு பக்கம் போயிருச்சு" என்றாய். நோவை நீ வாய்விட்டு ஒத்துக்கொண்டது வெளியாட்களில் அவரிடம் மட்டும்தான். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாலைய உங்களால போட முடியுமா?" என்று கேட்டார். "முடியும்னு சொல்ல மாட்டேன். போட்டுப் பாக்கிறேன்" என்றாய். அவர் சரி என்றார்.

ரவாங் மண்டபத்தில் மணவறைக்கு முன்னால் நீ மாலையோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலது பக்கம். எதிரே நிற்பவனுக்கு அது இடது பக்கம். உன் கண்ணுக்கு மாப்பிள்ளை மட்டும்தான் இருந்தான். நான் மேடையோரம் வந்து, மகளை இந்தப் பக்கம் மாற்றி நிற்கவைக்கட்டுமா என்று உன் காதில் கேட்டேன். "அவ அவ எடத்துலயே நிக்கட்டும். நீ வாய மூடு" என்றாய்.

மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நீ மாப்பிள்ளையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாய். முன் வரிசையில் சம்பந்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். உன் தங்கச்சி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. உன் உதடு அசைந்தது. தலை நகர்ந்தது, மாப்பிள்ளையின் தோளோடு நின்றுவிட்டது. மறுபடி உதடு அசைந்தது. இந்தத் தடவை தோளையும் சேர்த்துத் திருப்பி, காலைப் பெயர்த்து வைத்து, அவள் முகம் வரைக்கும் வந்து சேர்ந்தாய்.

"இங்கதான் இருக்கியா?" என்றாய்.

"இங்கதான் மாமா இருக்கேன்" என்றாள். அவள் பொட்டு கலைந்து கண்மை வழிந்து நிற்கிற படம், அந்தக் கல்யாணப் படங்களில் அது ஒன்றுதான் நன்றாக வந்திருக்கிறது. நீ மாலையைக் கோணலாகப் போட்டாய். யாரும் சரிசெய்யவில்லை.

மறு வருஷம் இரண்டாவது தடவை அடைத்தபோது உனக்கு நேரமே கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தஞ்சோங் காராங் வரைக்கும் போய்வந்தேன். நான் ஓட்டும்போது அவள் எனக்கு இடது பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வரும், நான் ரோட்டைப் பார்த்தபடி ம் போடுவேன். உன்னோடு நின்று பழகியதில் என் கழுத்தும் எதையோ கற்றுக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. சிவப்பு விளக்கில் நிறுத்தினால் என்னைக் கேட்காமலேயே அந்தப் பக்கம் திரும்புகிறது. இன்றும் திரும்பியது. அவள் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். வண்டியில் ஏறியதிலிருந்தே அழுதிருக்க வேண்டும், முந்தானை நனைந்திருந்தது.

"என்னங்க பாக்கிறீங்க? பச்ச விழுந்திருச்சு, போங்க" என்றாள்.

பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று நான் இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.