சாத்தச் சொன்ன கதவு

மைனி,

கரையான் தின்ற நம் வீட்டு முன்கதவை இன்று காலையில் கழற்றினார்கள். முற்றமெல்லாம் புது அயினிப் பலகையின் மணம். ஆசாரி கைக்கொரு கொண்டியை வைத்துக்கொண்டு, "இரும்பா, பித்தளையா அக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். எனக்கு முட்டு வலி; எதையும் முடிவு செய்யவே இப்போது சலிப்பாக இருக்கிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்காற்றில் இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது என்று அன்றே சொன்னீர்கள். சுதந்திரம் வந்த வருஷம் அண்ணன் இந்த வீட்டைக் கட்டியபோது, அடுக்களைக்கு மாம்பலகை போதும், பின்வாசலுக்குப் பலா, முன்வாசலுக்கு அயினி என்று பிரித்துச் சொன்னவரும் நீங்கள்தான். அண்ணன் கேட்டதெல்லாம் பித்தளைக் கொண்டியும், அதற்குமேல் ஒரு குறுக்குக்கட்டையும். "யானை முட்டுனாலும் திறக்காதாக்கும்" என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்தது ஓர் உரலும் இரண்டு பாயும்.

யானை வரவில்லை. நான் வந்தேன்.

முதுகில் புருஷன் அடித்த விறகுக்கட்டையின் தடம், கையில் துணிமூட்டை. இனி அந்த வீட்டுக்குப் போவதில்லை என்று நட்டநடுப் பகலில் வந்து நின்றேன். அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கெட்டிக் குடுத்தாச்சு. இனி அவளுக்கு அதுதான் வீடு. ஏட்டி, கதவைச் சாத்து!" என்று உங்களிடம் கத்தினார். நீங்களும் சாத்தினீர்கள். என் மூக்குக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் எறும்பு போகலாம்.

அழுவதில் நான் கைதேர்ந்தவள். தெருவே கேட்கட்டும் என்று கதவில் நெற்றியைச் சாய்த்தேன். பின்னாலேயே மிச்ச உடம்பும் சாய்ந்தது. என் உடம்புதான் உங்களுக்குத் தெரியுமே. கதவு படாரென்று திறந்தது. குப்புற விழுந்தேன், சரியாக அண்ணன் காலடியில்.

"பாவம், கூடப்பெறந்தவன் கால்ல விழுந்து கெடக்கா, பாருங்க!" என்று எதிர்வீட்டுக்காரி ஊரைக் கூட்டிவிட்டாள். அத்தனை பேர் பார்க்க, காலில் கிடப்பவளை எந்த அண்ணன் வெளியே தள்ளுவான்?

"கொண்டி போடலியாட்டி?" என்று அவர் பல்லைக் கடித்தார்.

நீங்கள் கருங்கல் ஊர்க்காரி. பச்சைப்பிள்ளைபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "சாத்துன்னா சாருன்னாக்கும் நான் நெனச்சேன். எங்க ஊர்ல சாரதுன்னா சும்மா சேர்த்து வைக்கது. கொண்டி போடணும்னா அப்பிடிச் சொல்லணும்லா?" என்றீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நான் தங்கிவிட்டேன்.

பிறகொருநாள் மீன் கழுவும்போது கேட்டேன்: "சாத்துன்னா என்னன்னு நெசமாவே தெரியாதா மைனி?"

"கல்யாணம் ஆயி பன்னிரண்டு வருசமாச்சு மக்கா. தெரியாம இருக்குமா? மீனை நல்லா அலசு."

இப்போது நம் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தாயிற்று. 'தாக்கோல்' என்று வாய்தவறிச் சொன்னால், 'சாவி' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திருத்துகிறார்கள். உங்கள் 'சாரு'வைத் திருத்தத்தான் ஆளில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அண்ணன் கட்டிலை விட்டு எழுவதில்லை. கஞ்சி காய்ச்சுவது, அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது என்று என் பொழுது தேய்கிறது.

பித்தளையே போடச் சொன்னேன். அந்திக்குள் கதவு ஏறிவிட்டது. கட்டிலிலிருந்து குரல் வந்தது: "கதவைச் சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு அண்ணே."

சாரித்தான் வைத்திருக்கிறேன், மைனி. எந்த வீட்டுப் பெண் மூட்டையோடு வந்து நிற்பாளோ, யார் கண்டது? அவள் என்னைவிட ஒல்லியாக இருந்தாலும் திறக்கவேண்டுமே.