எலி தின்னிக்குக் கதவைத் திற

அன்பு மகன் சிசங்காவுக்கு, கசாமாவிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அக்கா முதாலே, அவளுடைய நொண்டிச் சேவல் மூவரும் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரியும், அதனால் உன் சுகம் அறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை.

எதுவும் ருசிக்கவில்லை, யார் தட்டினாலும் கதவைத் திறப்பதில்லை, டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் களி இறங்கவில்லை. அதற்கப்புறம் நீ போனையும் எடுக்கவில்லை. முதாலேதான் உன்னிடம், "சர்ச்ச விட்டதால பிசாசு புடிச்சிருக்கு, மாத்திரை எதுக்கு, ஜெபம் பண்ணு"ன்னாளாம். நான் அவளிடம், "மாமரத்துலேர்ந்து விழுந்தியே, மாவுக்கட்டு போட்டவன் ஜெபம் பண்ணுவியான்னு கேட்டானாடி" என்றேன். இப்போது பேச மாட்டேன் என்கிறாள், வீடு நிம்மதியாக இருக்கிறது. உன் அம்மாவைப் புதைத்ததிலிருந்து எனக்கும் மேலே யாரும் இருப்பதாகத் தெரியவில்லையடா. பாட்டுக்காகத்தான் சர்ச்சுக்குப் போகிறேன்.

அம்மாவைப் புதைத்த அன்றைக்கு நம் ஜெரே செய்தது நினைவிருக்கிறதா? நாம் பெம்பா இனம், அவன் ங்கோனி இனம்; அவர்கள் நமக்கு எலி தின்னி, நாம் அவர்களுக்குக் குரங்கு தின்னி. தாத்தன்மார் வெட்டிக்கொண்டார்கள், நாம் திட்டிக்கொள்கிறோம், திட்டினால் கோபப்படக் கூடாது, வந்தால் விரட்டக் கூடாது. அவன் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "குரங்கு தின்னிங்களா, இந்த மகராசிக்கு இவ்ளோ குறுகலான வீடா, நான் எந்திரிக்க மாட்டேன்" என்றான். அழுதுகொண்டிருந்த நீ சிரித்துவிட்டாய். துக்கம் போய்விடவில்லை, ஆனாலும் அன்றிரவு நீ சாப்பிட்டாய்.

ஒன்று நேராகக் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் மறைக்காதே, டாக்டரிடம் இன்றே இதே வார்த்தையில் சொல். நீ வெட்கப்படவேண்டாம், உனக்கும் சேர்த்து வெட்கம் கெட்டவன் நான் ஒருத்தன் இருக்கிறேன்.

மாத்திரையை மறுபடி எப்படித் தொடங்குவது என்று டாக்டரிடம் கேள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த ஆசீர்வாதத்தை யார் மூலமாகவும் அனுப்பவில்லை, நேராக நானே தருகிறேன்.

கடைசியாக ஒன்று. லீவுக்கு வந்திருந்த ஜெரேயின் மகள் தெம்வா, நீ இருக்கும் ஊரில்தான் நர்ஸ் வேலை பார்க்கிறாளாம். இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளியது அவள்தான். அவள் பையில் நீ ஆசையாகத் தின்னும் வறுத்த புழு இருக்கிறது. டாக்டரிடம் போக உன்கூட வருவாள். நீ இதைப் படித்து முடிக்கும்வரை, "ஏய் குரங்கு தின்னி, செத்த குரங்கு மாதிரி உள்ளயே கிடக்காதடா" என்று கத்தச் சொல்லியிருக்கிறேன். ங்கோனிக்காரியை வாசலில் நிறுத்திவைப்பது நம் வழக்கமில்லை, வெளியே குளிருமாம்.

எழுந்து போய்த் திற.

உன் அப்பன்,
சிலேஷே