இனியா குடிக்கும் மருந்து

ஆலங்குடி,
வியாழக்கிழமை

இனியா அப்பாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் குவைத்தில் உங்கள் அறையிலும் இருக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. இனியா இப்போது தானே செருப்புப் போட்டுக்கொள்கிறாள், இடது வலது மாற்றித்தான்.

இதைத் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரி ஷர்லி, ஜெபிப்போம்" என்கிறீர்கள். ஆமென் சொன்னதும் போன் வைத்துவிடுகிறீர்கள்.

அழகியின் மகள் ஹரிணி புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அழகியை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு நம் சபைக்கு வந்தவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டில் வேலை. ஹரிணிக்கும் நம் இனியாவைப் போலவே வலிப்பு. அதே டாக்டர், அதே சிரப்பு.

அங்கே குவைத் ஜெபக்கூட்டத்தில் நீங்கள் சொன்ன சாட்சியின் வாய்ஸ் சபை குரூப்புக்கு வந்தது. பாஸ்டர் அதை ஞாயிறு ஆராதனையில் மைக்கில் போட்டார். "என் மகளுக்கு மருந்தே இல்லாம ஆண்டவர் சுகம் குடுத்தாரு" என்று உங்கள் குரல். எல்லோரும் கைதட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காலையில்தான் இனியாவுக்குச் சிரப்பு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

அழகி வீட்டுக்குப் போனதும் ஹரிணியின் சிரப்புப் பாட்டிலைத் தென்னை மரத்தடியில் கொட்டியிருக்கிறாள். கொஞ்ச நாள் வலிப்பு வரவில்லை. போன வாரம் ஷெட்டில் வைத்து வந்தது. வெகு நேரம் நிற்கவே இல்லையாம். இப்போது ஹரிணி கண் திறக்கிறாள், அம்மாவைத் தெரிகிறது. பேச்சு இன்னும் வரவில்லை.

நான் பார்க்கப் போனேன். அழகி அழவில்லை. "அக்கா, ஒங்க புள்ளைக்கு நின்னுச்சே, எம்புள்ளைக்கு ஏன் நிக்கல? என் விசுவாசந்தான் பத்தலையா?" என்று கேட்டாள். "இனியாவுக்கும் மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அழகி" என்றேன். "என்னயத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. அண்ணன் சபை முன்னாடி பொய் சொல்லுவாகளா?" என்றாள். மறுநாள் இனியாவின் பாட்டிலையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "ஹரிணிக்கா வாங்கியாந்தீக? எதுக்குக்கா செலவு" என்று வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வரும்போது மெடிக்கலில் நம் பிள்ளைக்கு வேறு வாங்கினேன்.

அவர்களைத் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுப்பதால் ஹரிணி மருந்து குடிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு, இந்தத் தடவை உபவாசம் கூட்டி இருக்கப் போவதாக அழகி சொல்கிறாள்.

உங்களிடம் சொன்னதற்கு, "நான் மனசார விசுவாசிச்சேன், எனக்கு அது உண்மை. டாக்டருக்கு அவரோட உண்மை" என்றீர்கள். நானும் காலேஜில் இதைத்தான் படித்தேன். உண்மை என்று ஒன்று தனியாகக் கிடையாது, பார்க்கிறவரைப் பொறுத்தது என்று பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். எழுதும்போது பிடித்திருந்தது. திங்கட்கிழமை ராத்திரி அழகி பாட்டிலைத் திறப்பாளா மாட்டாளா என்பதற்கு அந்த நான்கு பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பாஸ்டரிடம் போனேன். "சொன்ன சாட்சிய மாத்துனா சபை இடறிப் போகும்மா. அழகிக்காக ஜெபிப்போம்" என்றார். அத்தையோ, "எம்மகன் மானத்த வாங்கிராத ஆத்தா" என்கிறார்கள்.

ஆண்டவர் இனியாவைச் சுகமாக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. மருந்தைக் கொண்டு சுகமாக்கினார் என்று சொன்னால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? இதைக் கேட்டு ஜெபிக்கத்தான் உட்காருகிறேன். வாய் அசைகிறது, வேறொன்றும் இல்லை. கோபம்கூட வரவில்லை. பாத்திரம் கழுவுகிறேன், துணி மடிக்கிறேன். இனியா தூக்கத்தில் லேசாக அசைந்தாலும் எழுந்து வாயைப் பார்க்கிறேன். இப்போதும் நடுவில் இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரே ஒரு வாய்ஸ் போடுங்கள். "இனியா இன்னும் மருந்து குடிக்கிறாள், அழகி, நீயும் கொடும்மா" என்று. என் சொல்லை அவள் நம்ப மாட்டாள். பாட்டிலைக் காட்டியும் நம்பவில்லை. உங்கள் குரலைத்தான் நம்புகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் அந்த வாய்ஸ் வந்தால், பாஸ்டருக்கு அனுப்பாமல் என் போனிலேயே நேரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் அழகியைக் கேட்க வைப்பேன். வராவிட்டால் சாட்சி நேரத்தில் நான் எழுந்து நிற்பேன். புருஷனை எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள். என்னை நம்பவும் மாட்டார்கள். அந்தப் பேச்சு ஆஸ்பத்திரிவரைக்கும் போய் அழகிக்குச் சந்தேகமாவது வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகமும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயும் தருவாராக.

இனியா அம்மா,
ஷர்லி