நான்கு மணிப் பொட்டலம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் நேற்று வந்தது. பிரித்து எண்ணினேன், நூற்று இருபது பொட்டலமும் இருக்கிறது, ஒன்றுகூடக் கசியவில்லை. ஒவ்வொன்றின் மேலும் காலை, மதியம், நாலு மணி, இரவு என்று நீயே எழுதி அனுப்பியிருப்பதை இவர் பார்த்துவிட்டு, "உங்க அக்கா மருந்து அனுப்புறாங்களா, பரீட்சை அட்டவணை அனுப்புறாங்களா?" என்று கேட்டார்.

போனில் பேசினால் என்ன என்கிறாய். போனை எடுத்தாலே பட்டாணி மடியில் ஏறிக் காதை ஒட்ட வைத்துக்கொள்கிறாள். ஐந்து வயதுக்கு எல்லாமே புரிகிறது. அதனால் எழுதுவதுதான் எனக்குச் சரி.

தூளை ஆரஞ்சு ஜூஸில் கரைத்துக் கொடுக்கிறேன். "சுண்ணாம்பு மாதிரி இருக்கும்மா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிடுவாள். வயிறுதான் தொந்தரவு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போகிறது. பள்ளிக்கு மாற்று உடுப்பு இரண்டு கொடுத்து அனுப்புகிறேன். ரத்தத்தில் மக்னீசியம் ஒன்று புள்ளி ஐந்து. ஒன்று புள்ளி ஏழாவது வேண்டும் என்கிறார் டாக்டர். சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்காமல் விட்டுக்கொண்டே இருக்கிறது, நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பார்சல் தாமதமான மூன்று நாளும் மிச்சமிருந்ததைப் பாதிப் பாதியாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டாணி கட்டிலின் ஓரத்தில் ஒண்டிப் படுத்திருந்தாள். "விழப்போறடி, நடுவுல படு" என்றேன். "நடுவுல அக்கா படுத்திருக்கா இல்ல" என்றாள். எந்த அக்கா என்று கேட்டேன். "பேரு சொல்லல. ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டிருக்கா."

அவளிடம் நாங்கள் எதுவும் சொன்னதில்லை என்று உனக்குத் தெரியும். பெரியவள் போன பிறகு படங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. இவள் பிறந்ததும், அந்தப் பேச்சே இந்த வீட்டில் வரக்கூடாது என்று எல்லோரிடமும் நான்தான் கேட்டுக்கொண்டேன். தனக்கு ஒரு அக்கா இருந்ததே இவளுக்குத் தெரியாது. ஏழு வருடத்துக்கு முன் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது பெரியவளின் ஒரு காலில்தான் சாக்ஸ் இருந்தது.

நேற்று முழுப் பொட்டலம் கொடுத்தேன். இன்று காலை கட்டிலின் நடுவில் படுத்திருக்கிறாள். அக்கா போய்விட்டாளாம்.

உன் தங்கச்சி

---

பிப்ரவரி 19

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். இருமல் மருந்துக்கு நின்றிருந்த பெரியவர், "என்னம்மா, எனக்கும் சேர்த்து அழறீங்களா?" என்று கேட்கும்வரை என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வதை நிதானமாகக் கேள். மக்னீசியம் குறைந்தால் நரம்பு முறுக்கேறும். முதலில் விரல் நுனி மரத்துப்போகும், பிறகு கை தானாக மூடிக்கொள்ளும், அதற்கும் பிறகு வலிப்பு. நடுவில் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும். இது மருந்துப் புத்தகத்தில் இருக்கிறது, புதிது ஒன்றும் இல்லை. பட்டாணி பார்த்தது அதுதான். சாக்ஸ் விஷயம் நீ எப்போதாவது அவரிடம் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்கும்.

பெரியவளுக்கும் இதே கோளாறுதான் இருந்திருக்க வேண்டும் என்று உன் டாக்டர் சொன்னாரே, அதை நினைத்துப் பார். அன்றைக்கு வலிப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு பொட்டலம்கூடக் கிடைக்கவில்லை. இவளுக்குக் கிடைக்கிறது. பாதியாகப் பிரிக்கும் வேலை இனி வேண்டாம். இந்தத் தடவை நூற்று நாற்பது வைத்திருக்கிறேன், தபால் தாமதமானாலும் தாங்கும்.

வயிற்றுப்போக்கைப் பற்றிக் கவலைப்படாதே. மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அக்கா

---

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்று புள்ளி ஏழு. டாக்டர் பட்டாணியின் கையைக் குலுக்கினார். அவள், "உங்க கை ஏன் சில்லுனு இருக்கு, நீங்களும் சுண்ணாம்பு குடிங்க" என்றாள். இவர் லாரியை எடுத்துக்கொண்டு பத்து நாள் பயணம் போயிருக்கிறார், வந்ததும் சொல்ல வேண்டும் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். திரைச்சீலைக் கடையில் என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். வீட்டிலேயே வைத்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் பள்ளியில் டீச்சர் இரண்டு நாள் மதியப் பொட்டலத்தை மறந்துவிட்டார். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும் பட்டாணி கையை உதறிக்கொண்டே இருந்தாள். பிறகு நான் தைத்துக்கொண்டிருந்த துணிக்கு அடியில் புகுந்துகொண்டு யாரிடமோ சிரித்தாள். துணிக்குள் ஒரு உருவம்தான் தெரிந்தது. ஆனால் துணி இரண்டு இடத்தில் தூக்கிக்கொண்டிருந்தது.

"யாருடி?" என்றேன்.

"அக்காதான். அவளுக்கும் இப்படித்தான் விரல் மரத்துப்போச்சாம். பெரியம்மா தேச்சு விட்டாங்களாம்."

அக்கா, அன்றைக்கு மத்தியானம் நீதான் அவளுடன் இருந்தாய். தூக்கத்திலேயே வலிப்பு வந்துவிட்டது என்றாய். விரலைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லை. அவள் உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

தங்கச்சி

---

மார்ச் 22

தங்கச்சிக்கு,

முதலில் அந்த டீச்சரிடம் போய்ப் பேசு. மன்னிப்பு வாங்குவதற்காக அல்ல. பொட்டலம் கொடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வை. நான் என் கடையில் ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. ஏழு வருடம் ஆகிவிட்டது. குழந்தைகள் விரல் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லும். பட்டாணிக்கு விரல் மரத்தது, நீ தேய்த்துவிட்டாய், அதை அவள் வேறு ஒருத்திக்கு மாட்டிவிட்டாள். அவ்வளவுதான் இருக்கும். இதைத் தோண்டாதே.

இந்தப் பார்சலில் மஞ்சள் நிறக் குடுவை ஒன்று வைத்திருக்கிறேன், பட்டாணிக்குக் கலக்கிக் குடிக்க.

அக்கா

---

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

குடுவை வந்தது. அதில் தண்ணீர் ஊற்றிப் பொம்மைக்குக் கொடுக்கிறாள்.

அளவு ஒன்று புள்ளி மூன்றாகிவிட்டது. டாக்டர் ஐந்து பொட்டலமாகக் கூட்டியிருக்கிறார். இன்னும் நிறைய மீதி இருக்கிறது, அதனால் இந்த மாதம் அனுப்ப வேண்டாம். வயிறு இப்போது நன்றாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறாள். மாற்று உடுப்பு கொடுத்து அனுப்புவதையே நிறுத்திவிட்டேன்.

பெரியவள் தினமும் வருகிறாள். நாலு மணி சுமாருக்கு, பள்ளி உடுப்பை மாற்றிய பிறகு. வருவதற்கு முன்னால் பட்டாணியின் வலது கை மூடிக்கொள்ளும். விரல்கள் நுனியில் குவிந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கி, யாரோ கையைக் கொடுத்து இவள் பிடித்திருப்பது போலவே இருக்கும். நான் பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்தான் சொல்கிறாள், அக்கா. அதற்குமேல் கேட்டால் பட்டாணிக்குக் களைத்துவிடுகிறது. அன்றைக்குத் தனக்கு இடது கால் சாக்ஸ் கிடைக்கவில்லையாம். மேஜை மேல் நிறையப் புத்தகம் இருந்ததாம். நேற்று பட்டாணி என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "அம்மாகிட்ட சொல்லாதடா, பயந்துடுவா" என்றாள். அந்த 'டா' உன்னுடையது. நம் வீட்டில் பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது நீ மட்டும்தான். பட்டாணியை நீ நேரில் பார்த்ததுகூட இல்லை. போனில் அவளை எப்போதும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறாய்.

இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். நாலு மணிக்குக் கை மூடிக்கொண்டது என்கிறாள், ஐந்தரைக்கு நீ எனக்குப் போன் செய்தாய், அதற்கு நடுவில் நடந்தது மட்டும்தான்.

தங்கச்சி

---

ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இதை எழுதுவதற்கு முன்பே உன் டாக்டருக்குப் போன் செய்து பேசிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது பட்டாணி ஆஸ்பத்திரியில் இருப்பாள். என்மேல் கோபப்பட்டுக்கொள், பரவாயில்லை.

இரண்டு பார்சலில் இருநூற்று அறுபது பொட்டலம் அனுப்பினேன். அதற்குப் பிறகு மார்ச்சில் அறுபது. ஏப்ரல் பாதியில் "நிறைய மீதி" இருக்கக் கூடாது. அதுகூடப் போகட்டும். பொட்டலம் நான்கிலிருந்து ஐந்தாகிறது, வயிற்றுப்போக்கு நிற்கிறது, ரத்தத்தில் அளவு இறங்குகிறது. ஆறு வருடம் மருந்து கொடுத்தவளிடம் இப்படி எழுதினால் என்ன புரியும்? நீ கொடுக்கவில்லை. பெரியவள் வர வேண்டும் என்பதற்காகக் கொடுக்காமல் இருக்கிறாய்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நீ யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் பதில் சொல்லவில்லை, அதனால் வேறு ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாய். இப்போது நான் சொல்கிறேன்.

மறுநாள் எனக்கு மருந்தாளுநர் தேர்வு. மேஜை மேல் புத்தகம் இருந்தது உண்மை. மூன்று மணிக்கு விரல் மரத்துப்போகிறது என்று வந்தாள். தேய்த்துவிட்டேன். கடையில் இருந்த உனக்குப் போன் செய்யட்டுமா என்று அவளே கேட்டாள். "அம்மாகிட்ட சொல்லாதடா, பயந்துடுவா" என்றேன். நீ பயந்துவிடுவாய் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ வந்தால் என் படிப்பு கெடும். நாலு மணிக்கு மறுபடி வந்து, "பெரியம்மா, கை திறக்கல" என்று காட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். போய்ப் படு என்று அறைக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தேன். வலிப்பு வந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை. தூக்கத்தில் வந்தது என்று உன்னிடம் சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

அறைக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவள் கூப்பிடவில்லை.

இதுதான் முழுவதும். இதற்குமேல் அவளிடம் உனக்குச் சொல்ல எதுவும் கிடையாது. இனி அவளைக் கூப்பிடாதே. ஐந்து பொட்டலத்தையும் கொடு.

அக்கா

---

ஜூன் 20

அக்காவுக்கு,

பட்டாணி நன்றாக இருக்கிறாள். ஒன்று புள்ளி எட்டு. ஆறு நாள் டிரிப் ஏற்றினார்கள். முதல் நாள் ஊசி குத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. நாற்பது விநாடி. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். நீ போன் செய்யாமல் இருந்திருந்தால் அது வீட்டில் வந்திருக்கும், நான் அவள் சொல்லப்போகும் வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பேன். அதை நான் மறக்க மாட்டேன். நன்றி என்று எழுதினால் சிறியதாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பொட்டலங்களை நான் எறியவில்லை. தையல் மிஷின் இழுப்பறையில் நாள்வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். இவர் தொலைதூர ஓட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே வண்டி ஓட்டுகிறார். காலையும் இரவும் அவர் கையால் மருந்து. பள்ளி நேரத்து இரண்டும் டீச்சர் கையால், நோட்டில் கையெழுத்தோடு. வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார்கள். நாலு மணி ஒன்றை மட்டும் போன திங்கட்கிழமை முதல் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

அவள் வருவதில்லை. பட்டாணி கட்டிலின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் படுத்துத் தூங்குகிறாள்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் பிரித்தேன். நாலைந்து தடவை படித்துவிட்டேன். நீ எழுதியதும் அவள் சொன்னதும் அப்படியே பொருந்துகிறது. புத்தகம், விரல், நீ சொன்ன வார்த்தை. ஒரே ஒரு இடம் பொருந்தவில்லை.

வலிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பட்டாணி என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள். உன் கடிதம் அப்போது கூரியரில்தான் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். "கதவு சாத்தியிருந்துச்சாம்மா. ரொம்ப நேரம் தட்டினாளாம். கை மூடிக்கிட்டதால கைப்பிடியத் திருப்ப முடியலையாம்."

மூளைக்கு மக்னீசியம் போகாத குழந்தை என்ன வேண்டுமானாலும் சொல்லும் என்று நீ எழுதுவாய். அது சரியாகவும் இருக்கலாம். நீ திறந்து வைத்தேன் என்கிறாய், அவள் சாத்தியிருந்தது என்கிறாள். உன்னிடம் கேட்டால் நீ எழுதியதையேதான் மறுபடி எழுதுவாய். அவளிடம் கேட்க வேண்டுமென்றால் என் கையில் இருக்கும் அந்த ஒரு பொட்டலத்தைக் குறைக்க வேண்டும். குறைக்க மாட்டேன். ஆகவே எனக்கு இது தெரியப்போவதில்லை.

இனி ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே மடித்துத் தருகிறார்கள். பார்சல் வேண்டாம். கடிதமும் வேண்டாம். நாலரை மணிக்கு மேல் போன் செய்தால் பட்டாணி எடுப்பாள், அவளுடன் பேசு. அவளுக்குப் பெரியம்மா வேண்டும்.

மணி நாலு ஆகிறது. ஜூஸ் கலக்க வேண்டும்.

பட்டாணியின் அம்மா