ஒன்பது நாற்காலிகள், பத்து முகவரிகள்

இன்று காலை நம் அலுவலகத்துப் பழைய சர்வர் பெட்டியைக் காயலான் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போனார். பின்னறை இரும்பு அலமாரியைத் திறந்ததுமே அந்துருண்டை வாசனையும் துரு வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. சேலைக்கு நடுவில் போடுகிற அந்துருண்டையை மெயில் சர்வருக்குப் பக்கத்தில் போட்டவள் இந்தத் தூத்துக்குடியில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். பூச்சி வயரைக் கடித்துவிடும் என்பாய். பூச்சி கடித்ததோ இல்லையோ, உப்புக் காற்று சர்வர் பெட்டியின் முதுகைத் தின்று தீர்த்திருந்தது. அவர் போன பிறகும் அலமாரியை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண். இங்கிலீஷ் வரும் என்ற மிதப்பு. நீ கடற்கரைத் தெருக்காரி. துறைமுகத்தில் எந்தத் தோணி யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாய். மாலத்தீவுக்குக் காய்கறியும் கருங்கல்லும் ஏற்றிப் போகிற தோணிகளுக்குக் காகித வேலை பார்க்கும் சின்ன ஏஜென்சி நம்முடையது. நான் மேனேஜர் ஆனேன். மெயில் உன் பொறுப்பு. காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் மெயிலைத் திறப்பாய்; எழுதினவருக்கு அன்றைக்கே பதில் போய்விடும்.

அந்தச் சர்வரோடு நாம் பட்ட பாடு கொஞ்சமா? கரண்ட் போனால் மெயில் நிற்கும், வருடத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க் போகும். வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். மேனேஜராகி இரண்டே மாதம். ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பையன், "எத்தனை முகவரி மேடம் வேணும்?" என்று கேட்டான். நான் தலையைத் திருப்பி அறையில் இருந்த நாற்காலிகளை எண்ணி, ஒன்பது என்றேன்.

நீ எழுந்து வந்து என் மேஜையில் கையை ஊன்றினாய். "ஏளா, நாற்காலிய எண்ணாத. வெளிய இருக்கவுவ யாருக்கு எழுதுதாவன்னு எண்ணு. சூசை அண்ணாச்சி முகவரி எங்க?"

"அண்ணாச்சி செத்து நாலு வருசம் ஆச்சு. செத்த மனுசனுக்கு எதுக்குளா மெயில் பெட்டி?" என்றேன்.

நம் அலுவலகத்துக்கு மெயில் வசதி வந்த காலத்தில், உனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அண்ணாச்சி. தன் முகவரியை ஒவ்வொரு தோணியிலும் அறைக் கதவின் உட்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுத வைத்தவரும் அவர்தான். மாலத்தீவில் மாலே துறைமுகத்தில் இறங்கினால், தோணிக்காரர்கள் சரக்கு எடுக்கும் கடையில் அந்த முகவரிக்கு ஒரு மெயில் போடச் சொல்வார்கள். அவர் போன பிறகும் மெயில் அங்கேதான் வந்துகொண்டிருந்தது. புது முகவரிகளை எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "தண்டலுக்கு ஏதுளா மெயிலு? பெயிண்ட்ல எழுதுனத நீ எப்பிடி அழிப்ப?" என்று கேட்டாய். தோணியை நடத்துகிற தண்டல்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழைய பெட்டியை ஒரு மாதமாவது ஓட விடு என்றும் சொன்னாய். மாற்றம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேராது, சில சர்வர்கள் பழைய இடத்தையே தேடி வரும் என்று எங்கேயோ கேட்டுவைத்திருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை மாற்றினோம். திங்கட்கிழமை காலையில் நானே போய்ப் பழைய பெட்டியை அணைத்தேன். "அவசரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டை மாற்றிக்கொண்டு போய்ச் சாமான் தேடுகிற கதைதான். ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்த பழைய மெயில்கள் புது இடத்துக்கு வரவேயில்லை. நாம் அனுப்பியவை பல இடங்களில் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்தன. நம் பெயரில் அனுப்பப் புதுக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று பதிந்துவைக்க வேண்டுமாம், அதை அந்தப் பையனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பதிலே போடமாட்டேங்கிய?" என்று வரிசையாகப் போன். இதெல்லாம் திருத்திவிடக் கூடிய தவறுகள், திருத்தியும் விட்டோம்.

அந்த வார வெள்ளிக்கிழமை, நாம் காகிதம் பார்க்கும் தோணி ஒன்றில் வேலை செய்த லூர்துவின் மனைவி பிலோமி வந்தாள். அவன் தோணி மாலேயில் நின்றிருந்தது. "அவிய கிட்ட இருந்து சேதி உண்டாக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். புதுத் திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. சேதி இல்லன்னா நல்லா இருக்காவன்னு அர்த்தம்" என்று சிரித்து அனுப்பிவைத்தேன். நீ சிரிக்கவில்லை. நேரே பின்னறைக்குப் போனாய். நான் "எதுக்குளா இப்ப?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருவதற்குள் பழைய பெட்டியை இணைத்து ஓட விட்டிருந்தாய்.

அரை மணி நேரத்தில், தேங்கிக் கிடந்த மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று சூசை அண்ணாச்சிக்கு. மாலேக் கடையிலிருந்து செவ்வாய்க்கிழமை அனுப்பியது. கதவு மூடியிருக்கவே மூன்று நாளாகத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் எழுதியிருந்தது இதுதான்: லூர்து சரக்கு அறைக்குள் விழுந்து கால் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய, செலவை ஏற்பதாக ஏஜென்சியின் பொறுப்புக் கடிதம் வேண்டும். அவன் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அந்த முகவரிக்குப் போட்டால் மறுநாளே உன் பதில் வந்துவிடும் என்பது அந்தத் தோணித் தண்டலின் அனுபவம். அந்த நம்பிக்கையில் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டார். மூன்றாம் நாள் போன் போட அவர் கடைக்கு வந்து நின்ற நேரத்தில்தான் நம் கடிதம் போய்ச் சேர்ந்தது.

காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் எலும்பு நேராகக் கூடவில்லை. ஆடுகிற தோணியில் நிற்க அவனால் பிறகு முடியவேயில்லை. முதல் நாளே செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாகத் தண்டல் வந்து சொன்னார். முதலாளி நடு அறையில் நின்று சத்தம் போட்டார். "மெயில் பாக்கது யாரு? மூணு நாளா என்ன பண்ணுனிய?"

"நான்தான் சார் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாய்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். உப்பைத் தின்றவள் நான், தண்ணீர் குடித்தவள் நீ.

மாடிப்படியில் உன்னைப் பிடித்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதேன். "என்னைய வெரட்டுனா தோணிக்காரவுவ யாராவது ஒரு வேல குடுத்துருவாவ. ஒனக்கு ரெண்டு தங்கச்சி இருக்கு, அப்பா இல்ல" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "முதலாளிக்குத் தெரியாண்டாம். பிலோமி கிட்ட மட்டும் நீயே போயி சொல்லிரு. அவ என்னைய வையட்டும், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா பொய்ய நம்பிட்டு இருக்கக் கூடாதுளா" என்றாய். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. முதலில் லூர்து எழுந்து நடக்கட்டும் என்று நினைத்தேன். அவன் முத்தையாபுரத்தில் உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் வாட்ச்மேன் ஆனான். சரி, பிழைப்பு ஓடுகிறதே, இனி எதற்கு என்று நினைத்தேன். கோயிலில் பிலோமி உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். முதலாளி சத்தம் போட்டதோடு சரி, உன்னை விரட்டவில்லை. முதல் வருடம் "போனியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய். நீ கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

உன் அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னால் பிலோமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் ஒங்கள மன்னிச்சிட்டேன். நிம்மதியாப் போங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் உன் தலைமாட்டில் நின்று அழுதேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் பஸ் ஏறி முத்தையாபுரம் போனேன். லூர்து வேலைக்குப் போயிருந்தான். பிலோமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளை எண்ணியது, பெட்டியை அணைத்தது, நீ பழியை ஏற்றபோது வாயை மூடிக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்ற ஆசையும் இருந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னைக்கு நான் மன்னிச்சது யாரையக்கா?" என்று கேட்டாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். செய்யாத தப்புக்கு நீ மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனாய். தப்புச் செய்த நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நாளைக்கு மறுபடியும் போக வேண்டும், ஏளா.