ஏரியூரில் பார்த்த தையல் மிஷின்

என் சரசு அக்காவுக்கு, உன் சாயலை முகத்தில் வைத்துக்கொண்டு நடமாடும் தங்கச்சி எழுதுவது.

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வரவில்லை. நீ இருக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பொருளோ. இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் மகள் நிலா ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள். முன்பல் விழுந்துவிட்டது, "சித்தி" என்று கூப்பிட்டால் காற்றுதான் அதிகம் வருகிறது. மாமா இன்னும் பெங்களூரில் கட்டட வேலையில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். உன் பேச்சு வந்தால் மட்டும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவார்.

அக்கா, நான் ஒரு தையல் மிஷின் வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கூடவே உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும்.

நான் போய்க்கொண்டிருந்த கார்மெண்ட்ஸ் கம்பெனி, நம் இண்டூருக்கு வேன் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அங்கே எனக்குப் பிசிறு வெட்டுகிற வேலைதான். அத்தனை சட்டைகளைப் புரட்டிப் பார்த்தவளுக்கு நேராக ஒரு தையல் போடத் தெரியாது. வீட்டிலிருந்தே புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கலாம், நைட்டி தைக்கலாம், நிலாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆடு விற்ற காசுக்குள் மிஷின் அமைய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தர்மபுரிக்குப் போனேன். கடையில் வெள்ளையாக, பொம்மை மாதிரி ஒரு கரண்ட் மிஷின். விதவிதமாகப் பூத்தையல் போடும் என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நிலாவின் யூனிபார்ம் துணியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மடிப்பு வரும் இடத்தை வைத்துத் தைத்துக் காட்டச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு முனகிக்கொண்டு நின்றுபோனது.

கடைக்கார அண்ணன் மறைக்காமல் சொன்னார். "இது வூட்ல கிழிசல் தைக்கத்தான் ஆகும்ங்க. சம்பாதிக்கணும்னா நேர்த் தையல் ஒன்னு போதும், பூவெல்லாம் வேண்டாம். புதுசா கத்துக்கறவங்களுக்கு மோட்டாரும் வேண்டாம், லேசா மிதிச்சாலே ஓடிரும். கால் மிஷினா பாருங்க. உங்க கால் நின்னா அதுவும் நிக்கும்."

புதுக் கால் மிஷினுக்கு என் காசு எட்டவில்லை. அவரே பழசு பார்க்கச் சொன்னார். "மேல பெயிண்ட பாத்து ஏமாந்துராதீங்க. மிஷின் தலைய சாய்ச்சு அடியில பாருங்க. எங்கயாச்சும் வெல்டு வச்சிருந்தா வாங்காதீங்க. ஓடற வரைக்கும் ஓடும், அப்புறம் இரும்புக் கடைக்குத்தான்."

ஏரியூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மிஷின் விற்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். உனக்கு முதல் வருஷத் திதி கொடுத்து முடித்த வாரம் அது. நிலாவையும் கூட்டிக்கொண்டு பென்னாகரத்தில் பஸ் மாறிப் போனேன். நல்ல வெயில். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஊருக்குக் கொஞ்சம் வெளியே அந்த வீடு, வாசலில் பெரிய புளியமரம். நிழலில் ஒரு அம்மா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"என்னம்மா, மறுபடியும் வந்துட்ட?"

"நான் இப்பதாங்க முதல் தடவையா வர்றேன்."

"வெள்ளிக்கிழமை வந்தியே. இதே மொகம். மோவாக்கட்டைல ஒரு மச்சம்கூட இருந்துச்சே."

என் மோவாயில் மச்சம் கிடையாது. யாருக்கு உண்டு என்று உனக்கே தெரியும்.

வந்தவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "ஒன்னும் பேசல. நேரா உள்ள போயி மிஷின் தலைய சாய்ச்சு, அடியில பாத்துட்டே நின்னுச்சு. வெல என்னான்னும் கேக்கல. எங்க வூட்ல கன்னடம் பேசுவோம். அது பேசுமோ பேசாதோன்னு தமிழ்லதான் கேட்டேன், புடிச்சிருக்கான்னு. அது கன்னடத்துல சொல்லிட்டுப் போச்சு, 'இது பேடா'ன்னு."

பேடா. வேண்டாம். பெங்களூருக்குப் போய் வந்த பிறகு நீ எதற்கெடுத்தாலும் சொல்கிற சொல். காபி பேடா, புதுச் சேலை பேடா, ஆஸ்பத்திரி பேடா. கடைசிக் காய்ச்சலிலும் மாத்திரையைத் தள்ளிவிட்டு அதைத்தானே சொன்னாய்?

நான் உள்ளே போனேன். நிலா வர மாட்டேன் என்று மரத்தடியிலேயே நின்றுகொண்டாள். மிஷின் ஜன்னலோரம் இருந்தது. கறுப்பு பெயிண்ட் பளபளவென்று கண்ணைப் பறித்தது. கைச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. தைத்துப் பார்த்தேன், தையல் முத்து முத்தாக விழுந்தது. விலையும் என் கைக்கு அடக்கம். இதைவிட நல்லது எங்கே கிடைக்கப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படியே பேசி முடித்திருப்பேன். ஆனால் அந்த ஒரு சொல் காதிலேயே நின்றது. தலையைச் சாய்த்தேன்.

அடிப்பக்கம் இரும்பில் நீளமாக ஒரு விரிசல். வெல்டு வைத்து, மேலே பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். அந்த அம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சத்தியமா எனக்குத் தெரியாது கண்ணு. எம் மவன் மருமவளுக்குன்னு வாங்கியாந்தான். அவங்க ஓசூரு போயிட்டாங்க." அவர் முகத்தைப் பார்த்தால் பொய் என்று தோன்றவில்லை. வந்தது யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன். எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். மிஷின் தலையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வெளியே வந்தபோது நிலா மரத்தடியில் தனியாகத்தான் நின்றாள். ஆனால் அவளுடைய வலது கை கீழே தொங்கவில்லை, அக்கா. தோள் உயரத்துக்கு மேலே தூக்கியிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை எப்படி நிற்குமோ, அப்படி.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். அந்தக் கை மட்டும் சில்லென்று இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். என் வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டினார். "அந்த வெயில்ல புள்ளைய இழுத்துட்டுப் போனா காய்ச்சல் வராதா? ஒரே மாதிரி மொகம் எத்தனையோ பேருக்கு இருக்குது. மச்சமும் இருக்கும்." ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். இறங்கிய காய்ச்சல் திரும்பத் திரும்ப ஏறியது. சோறு வேண்டாம், பால் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "சித்தி, அம்மா வந்து போலாமாங்குது."

எனக்கு மிஷின் பார்த்துச் சொல்லத்தான் வந்தாய் என்று அதுவரை நெகிழ்ந்துபோயிருந்தேன். அதற்காக மட்டும் வரவில்லையோ?

நடுப்பகல். வீட்டில் நானும் அவளும்தான். வாசலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "அக்கா, நீ பெத்தவதான், இல்லேங்கல. ஆனா புள்ள இன்னும் ஒன்னுமே பாக்கல. பள்ளிக்கூடம் போவணும், பெருசாவணும். அவள வுட்டுட்டுப் போ. ஒரு கொறையும் வெக்க மாட்டேன்." சொல்லி முடித்ததும் வெளியே நாய் ஒன்று குரைத்துவிட்டுச் சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பன்னு கேட்டாள். மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்டிருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். இருக்கலாம்.

அவள் தேறிய பிறகு பென்னாகரத்தில் ஒரு மிஷின் பார்த்தேன். ஒரு டெய்லர் மோட்டாருக்கு மாறிவிட்டு, பழைய கால் மிஷினை விற்க வைத்திருந்தார். பெயிண்ட் உரிந்திருந்தது, மேல்பலகையில் கீறல். மேலே சிவப்பு நூல், அடியில் பாபினில் வெள்ளை நூல் போட்டுத் தைத்துப் பார்த்தேன். ஒரு நிறம் மறுபக்கம் எட்டிப்பார்த்தால் நூல் இழுப்பு சரியில்லை என்று அர்த்தமாம். எட்டிப்பார்க்கவில்லை. மிதித்தேன், பெல்ட் நழுவவில்லை. தலையைச் சாய்த்தேன், அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும்தான். விரிசல் இல்லை.

இருந்தும் எனக்குச் சரி என்று சொல்ல முடியவில்லை. யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டெய்லர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னும் என்னாங்க பாக்கறீங்க? எனக்குச் சோறு போட்ட மிஷின்ங்க இது."

நிலா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "அம்மா வரல சித்தி."

நிம்மதியாக இருந்தது. அழுகையும் வந்தது. நானாகவே வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆரம்பத்தில் நான் முன்னால் மிதித்தால் சக்கரம் பின்னால் ஓடியது. நூல் அடியில் கொத்துக் கொத்தாகச் சிக்கியது. ஊசி ஒடிந்தது. இப்போது பரவாயில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஃபால்ஸ் அடிக்கப் புடவை வருகிறது. நிலாவுக்கு ஒரு பாவாடை தைத்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவள் அதைத்தான் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

போன வாரம் மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தரையில் உட்கார்ந்து துண்டுத் துணியில் விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா" என்று கூப்பிட்டாள். என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டுவிட்டாள் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலை எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வெயில்தான் இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்த நினைத்தேன். மனசு வரவில்லை. உன் முகத்தில் கதவைச் சாத்துவதாகிவிடுமே?

அதனால்தான் எழுதுகிறேன் அக்கா. வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வந்தால் என்னிடம் வா. நான் பெரியவள், தாங்குவேன். அவள் பிஞ்சு. தினமும் தலை பின்னும்போது உன் பெயரை அவள் காதில் போடுகிறேன், நீ யார் என்று அவளுக்கு மறக்க விட மாட்டேன். அவள் வளர்ந்து, படித்து, தன் காலில் நிற்கும்வரை அவளை என்னிடம் விட்டு வை. அப்புறம் ஒருநாள் நானே உன்னிடம் வந்து சொல்கிறேன், உன் பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று.

உன் கூடப்பிறந்தவள்,
நிலாவின் சித்தி,
கோமதி