மூணு வளைவு மூச்சு

ஜூன் 9, திங்கள்

ஆமாம், தனியாகத்தான் கபடி ஆடினேன். அதுக்கென்ன இப்போ? ஏழு பேர் வேண்டுமென்றால் யார் கொடுப்பது? எதிர்ப்பக்கம் ஏழு பலாக்காயை வளைவாக நிறுத்தினேன். மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே போய் மூன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஒரு காய்கூடப் பிடிக்க வரவில்லை.

தங்கச்சி சங்கீதா வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். "அம்மா, அண்ணன் பலாக்காயோட சண்டை போடுது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

ஊர் எங்கே இருக்கிறது கேட்க? விடியும் முன்னே கம்பெனி வேன் வந்து வயசுப் பையன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. இருட்டின பிறகு கொண்டுவந்து கொட்டுகிறது. பகலில் எங்கள் வளப்பூர் நாட்டில், அதாவது மலையில் எங்கள் நாலைந்து ஊரிலும் சேர்த்து, வயசுப் பையன் என்றால் நானும் தனபால் மாமா வீட்டுக் கிடாயும்தான். கிடாய்க்குக் கபடியில் அக்கறை இல்லை. என் எதிரணியில் ஓர் ஆளைக் கடித்துத் தின்றுவிட்டது.

ஜூன் 11, புதன்

ஊர்க்கவுண்டர் சென்றாயன் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏண்டா கண்ணு, ஆடி நோம்பிக்கு டீம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எத்தன பேரு?"

"நான் இருக்கேனுங்க."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆடி நோம்பித் திருவிழாவுக்கும் நாங்களும் பக்கத்துப் பெரக்கரை நாடும் எங்கள் களத்தில் மோதுவது வழக்கம். நம் பக்கம் ஏழு பேர் இறங்குகிற வரைக்கும்தான் களம் கபடிக் குழுவுக்குச் சொந்தம். இறங்க ஆள் இல்லையென்றால் ஊர் எடுத்துக்கொள்ளும். இது எனக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது.

"கம்பெனி வேனுக நிறுத்த எடம் கேக்கறாங்க. மலையில சமமா கெடக்கறது அந்தக் களம் ஒண்ணுதான். நோம்பி வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்."

என் ஆட்களைத் தின்ற வேன். இப்போ களத்தையும் கேக்குதாம். நல்லா இருக்குதுடா நியாயம்.

"நம்ம நாட்டு ஆளா இருக்கோணும், தெரியுமில்ல?" என்றார். "யாருங்க நம்ம நாட்டு ஆளு?" என்று கேட்டேன். "ராத்திரி எவன் நம்ம மண்ணுல படுக்கறானோ அவன். பகல்ல எங்க போய்த் தொலைஞ்சா எனக்கென்ன."

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் கேப்டன் சந்தோஷ்குமார் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தான். எழுப்பினால் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறான்.

"பிராக்டீஸுக்கு வாடா."

"வாரத்துல ஒரு நாளுடா. முதுகு தரையில படட்டும்."

"சரி, சாயங்காலம் வேன் வந்தப்புறம்?"

"சோத்துல கை வெக்கறப்பவே தூங்கறேன். எங்கம்மா என் கையைக் கழுவி விட்டு இழுத்துப் போடுது."

"அப்ப எப்பத்தாண்டா ஆடறது?"

"வேன்ல உக்காந்திருக்கற நேரந்தாண்டா எங்களுக்குச் சும்மா கெடைக்குது. அங்க வந்து ஆடு." சிரித்துவிட்டு அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டான்.

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். எனக்கு அந்த மாதிரி விளையாட்டு புரியாது.

ஜூன் 17, செவ்வாய்

விடியும் முன் போய் வேனில் ஏறினேன். டிரைவர் அருள்ராஜ் அண்ணன் கீழ்நாட்டுக்காரர், அடிவாரத்து ஆள். திரும்பிப் பார்க்காமலே, "வேலைக்காரங்க மட்டுந்தான் தம்பி" என்றார்.

"நான் வேலைக்கு வரல. கபடிக்கு வாரேன்."

"கம்பெனியில கபடிக்கு டிபார்ட்மெண்ட் இல்ல. எறங்கு."

வேன் முழுக்கச் சிரிப்பு. பெரக்கரைப் பையன்களும் அதே வேனில்தான். அவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

ஜூன் 19, வியாழன்

வேறு வழியே இல்லையா? யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 23, திங்கள்

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. நாமக்கல்லில் காலேஜை ரெண்டாவது வருஷம் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். ஹாஸ்டல் தரை அவ்வளவு சமமாக இருந்தது, தூக்கமே வரவில்லை. இனிமேல் மலையை விட்டு இறங்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்கு அம்மா வேன் முன்னால் தேங்காய் உடைத்தது. காலேஜுக்குப் போனபோதுகூட உடைக்கவில்லை. "என்ற சாமி திருந்திட்டான்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. நோம்பி முடிந்த மறுநாளே நின்றுவிடுவேன் என்று அதுக்குத் தெரியாது.

கம்பெனியில் முட்டை அடுக்குகிற அட்டை செய்கிறார்கள். நாள் முழுக்கக் காகிதக் கூழ், ஈரம், சூடு. உள்ளே ஒரு முட்டைகூட இல்லை. கேட்டதற்கு, "முட்டை வேற கம்பெனி" என்றார்கள்.

ஜூன் 25, புதன்

வேன் கபடி ஆரம்பம்.

வலப்பக்க சீட்டு வளப்பூர். இடப்பக்க சீட்டு பெரக்கரை. நடுவில் நடக்கிற வழிதான் நடுக்கோடு. அருள்ராஜ் அண்ணன் ஒரே ஒரு சட்டம் போட்டார்: "எவனாவது எந்திரிச்சு நின்னா அந்த எடத்துலயே எறக்கி விட்டுருவேன். அது எத்தனாவது வளைவா இருந்தாலும் சரி." அதனால் உட்கார்ந்தபடியேதான் ஆட்டம். திருப்பம் வந்தால் அவரே "ரைட்டு வளைவு", "லெப்ட்டு வளைவு" என்று குரல் கொடுப்பார், நாங்கள் சாய்ந்துகொள்வோம். ஒருத்தன் கபடி கபடி என்று பாடிக்கொண்டே கையை நீட்டி எதிர் சீட்டுக்காரனைத் தொட வேண்டும். அவன் மணிக்கட்டைப் பிடித்து மூச்சுப் போகிற வரைக்கும் விடக் கூடாது.

முதல் நாள், கொண்டை ஊசி வளைவில் பாடின மூன்று பேரும் வாந்தி.

ஜூன் 30, திங்கள்

வாந்தி குறைந்திருக்கிறது. காலையில் மரவள்ளிக்கிழங்கு தின்னாமல் வரச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு பெரிய சண்டை. சந்தோஷ் மூச்சு விட்டுவிட்டான் என்று பெரக்கரைப் பக்கம், விடவில்லை என்று எங்கள் பக்கம். டிரைவர் பின்னாடி சீட்டில் பெருமாயி அக்கா உட்காரும். பேக்கிங்கில் வேலை, யாரோடும் பேசாது, கண்ணை மூடிக்கொண்டே வரும். திடீரென்று, கண்ணைத் திறக்காமலே, "விட்டுட்டான். ரெண்டாவது வளைவு முடியறப்பவே விட்டுட்டான். அப்புறம் உள்ளுக்குள்ள இழுத்துட்டுத் திரும்பப் பாடறான், திருட்டுப்பய" என்றது.

"நீ தூங்கிட்டு இருந்தியேக்கா?"

"நீங்க போடற சத்தத்துல பொணம் தூங்குமா?"

அன்றிலிருந்து அக்காதான் நடுவர். மூச்சுக்கு அளவும் அதுதான் வைத்தது. ஒரு வளைவு மூச்சு, ரெண்டு வளைவு மூச்சு. எனக்கு மூன்று. வேனிலேயே மூணு வளைவு மூச்சு என்னுடையது மட்டும்தான். எங்க அப்பா பேர்கூட இவ்வளவு பெருமையாக நான் சொல்லிக்கொண்டது கிடையாது.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. வேன் இல்லை. ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

அருள்ராஜ் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். களத்தைக் கேட்டு ஊர்க்கவுண்டரிடம் மனு போட்டதே அவர்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவரோடு தினமும் ஒரே வேனில் போய் வந்துகொண்டிருக்கிறேன். துரோகி.

மறைக்கவில்லை. வேனைத் தட்டிக் காட்டினார். காலையில் முதல் டிரிப் மேலிருந்து கிளம்புவதால் ராத்திரி அவர் மலையிலேயே தங்கிவிடுவார், வேனுக்குள்ளேயே. அதை நிறுத்துவது சரிவில், சக்கரத்துக்குக் கல் கொடுத்து.

"தலைமாட்டுல படுக்கறேன், விடிஞ்சு பாத்தா கால்மாட்டுல கெடக்கறேன். மூணு வருசமா சறுக்கிட்டே இருக்கேன் தம்பி. ஒரு ராத்திரியாவது சமமா படுக்கோணும். அது தப்பா?"

சக்கரத்துக் கல்லைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். கோபம்தான் வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஏழு பேர் ரெடி. நான், சந்தோஷ், கலைமணி, மற்ற நாலு பேர். எல்லாருக்கும் பனியன்கூட வந்துவிட்டது. நடுவில் ஒரு பலாப்பழம் போடச் சொன்னேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, முட்டை போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 2, சனி

போச்சு.

கலைமணி கீழே ரூம் எடுத்துட்டானாம். அடிவாரத்துல புதுசா பிளாட் போட்டு வரிசையா ஊடு கட்டி விட்டிருக்காங்களே, அங்க. போன வாரமே குடி போயிட்டான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வேன்ல அடிவாரத்துல ஏறிக்கிட்டிருந்திருக்கான், நாங்க எல்லாம் எதிர் சீட்டுக்காரனைத் தொடற மும்முரத்துல கவனிக்கவே இல்ல. இவன நம்பித்தான நான் அந்த ஈரக் கூழுக்குள்ள கை விட்டேன்?

ஊர்க்கவுண்டரிடம் அவனையே இழுத்துக்கொண்டு போனேன்.

"நேத்து ராத்திரி எங்கடா படுத்த?"

"ரூம்லங்க. ஆனா பொறந்தது இங்கதானுங்க, எங்க அப்பன் இங்க, அப்புச்சி இங்க—"

"அதெல்லாம் நான் கேக்கல. எங்க படுத்த?"

"ரூம்லங்க."

"அப்ப நீ ரூம் நாட்டுக்காரன். போ சாமி."

ஆறு பேர். நாளைக்கு நோம்பி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

எங்கே ஆரம்பிக்க.

களத்தைச் சுத்தி ரெண்டு நாடும் நிற்கிறது. பெரக்கரை ஏழு பேர் இறங்கிவிட்டார்கள். நாங்கள் ஆறு. ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார், அப்படிப் போட்டால் முடிவு சொல்லப் போகிறார் என்று அர்த்தம். நான் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கிழவர்கள், குழந்தைகள், கிடாய். வேனில் சாய்ந்து நின்று வேர்க்கடலை தின்றுகொண்டு அருள்ராஜ் அண்ணன்.

என் வாய்தான் முந்திக்கொண்டது. "அருள்ராஜ் அண்ணன் எங்க படுக்கறாருங்க?"

கூட்டம் மொத்தமும் வேன் பக்கம் திரும்பியது. ஊர்க்கவுண்டர் வெகுநேரம் மோவாயைத் தடவினார். "மூணு வருசமா நம்ம மண்ணுலதான் கொறட்டை விடறான். என்ற ஊடு வரைக்கும் கேக்குது." அப்புறம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "அவனும் நம்ம நாட்டான்தான். எறங்கறதும் எறங்காததும் அவன் இஷ்டம்."

இறங்கினால் அவர் கேட்ட இடம் அவருக்குக் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடலையை ஒவ்வொன்றாக மென்று முடித்தார். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சட்டையைக் கழற்றினார்.

"இத்தன நாளா என்ற முதுகுக்குப் பின்னாடியே ஆடிட்டீங்க. ஒரு நாளு முன்னாடி நின்னுதான் பாக்கறேன்."

ஆட்டம் தொடங்கியது. அப்போதுதான் தெரிந்தது நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று. பெரக்கரைக்காரன் பாடிக்கொண்டு வந்தான், அருள்ராஜ் அண்ணனைத் தவிர நாங்கள் ஆறு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நான் பாடிக்கொண்டு போனேன், அவர்கள் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். நின்றால் இறக்கி விட்டுவிடுவார் என்கிற பயம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. ஜனங்கள் இது என்னவோ புதுச் சட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் நடுவர், விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமலே நின்றார். "இங்க குடுங்க சார்" என்று பெருமாயி அக்கா வந்து விசிலை வாங்கி, துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு நடுக்கோட்டோரம் உட்கார்ந்தது.

கடைசிப் பாட்டு என்னுடையது. ஒரு பாயிண்ட் கீழே இருக்கிறோம். உள்ளே போய்விட்டேன், மூச்சு எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. வளைவு இல்லாத இடத்தில் எதை வைத்து எண்ணுவது? சமமான தரை என்னை மறுபடியும் ஏமாற்றுகிறது. அப்போது பின்னாலிருந்து அருள்ராஜ் அண்ணன், பழக்கதோஷத்தில், "ரைட்டு வளைவு" என்றார்.

பதினாலு பேரும் இடப்பக்கம் சாய்ந்தோம். நானும்தான். ஒருத்தன் மேல் ஒருத்தனாக விழுந்தோம், குவியல் உருண்டது, அடியில் நான் பாடிக்கொண்டே இருந்தேன். என் விரல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"மூணு வளைவும் முழுசாத் தாண்டிட்டான்" என்றது அக்கா. "ஆனா கோட்டைத் தொடறதுக்கு ஒரு விரக்கடை முன்னாடி விட்டுட்டான்."

தோற்றோம். ஏழு பேராகத் தோற்றோம். களம் எங்களுடையது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. நின்றுவிட்டேன். சொன்னபடியே.

சாயங்காலம் களத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே வேன் நிற்கிறது. நடுக்கோட்டின் மேலேயே. ஓடிப்போய் ஊர்க்கவுண்டரைக் கேட்டேன்.

"ஆடற ஆளு தன் சாமானைக் களத்துல வெச்சுக்கலாம், அது நம்ம வழக்கம்தான?"

"துண்டு, செருப்புங்க. அதுதான் சாமான்."

"அவனுக்குச் சாமான் அது ஒண்ணுதானாம் கண்ணு. நான் என்ன பண்ணட்டும்?"

ஆகஸ்ட் 6, புதன்

அருள்ராஜ் அண்ணனுக்கு நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லையாம். சமமாக இருக்கிறதாம். இன்றைக்கு ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

"நோம்பி முடிஞ்சிருச்சே, நின்னுட்டேன்னியே, அப்புறம் எதுக்கு மறுபடியும் தினமும் வேன் ஏறிப் போற?" என்கிறாள் சங்கீதா. முட்டைப் பனியனைத் துவைத்து வாசலில் காயப் போட்டிருந்தாள். அம்மா பாட்டுக்குச் சோற்றைக் கட்டி வைக்கிறது.

பெரக்கரைக்காரங்களுக்கு ஒரு பாயிண்ட் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே. அதுதான். வேறொன்றும் இல்லை. இப்போது மூன்றரை வளைவு வந்திருக்கிறது. கலைமணிகூட அடிவாரத்தில் ஏறி எங்கள் பக்கமே உட்காருகிறான். வேனில் யாரும் எங்கே படுத்தாய் என்று கேட்பதில்லை.

பகலில் களம் எப்படி இருக்கிறது என்று சங்கீதாவிடம் கேட்டேன். ஒரு ஆளும் இல்லையாம். கிடாய் மட்டும் நடுக்கோட்டில் படுத்திருக்கிறதாம். தினமுமா என்றேன். தினமும்தான் என்றாள்.

நம்ம மண்ணில் படுக்கிறது. அடுத்த நோம்பிக்கு ஆள் குறைந்தால்—

ஹாரன் அடிக்கிறார். வலப்பக்க ஜன்னல் சீட்டு போய்விடும். போகணும்.